மஞ்சள் வெளிச்சத்தில் தெரியாத மண்

டீச்சர்,

இன்று காலை பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் பிச்சிப்பூ வாங்கிவரச் சொல்லியிருந்தாள். ஒரு கடைக்காரர் வெயிலுக்கு மறைப்பாக மேலே மஞ்சள் தார்ப்பாய் கட்டியிருந்தார். அதன் வழியே இறங்கிய வெயிலில் கடையே மஞ்சளாகக் கிடந்தது. மல்லிகை மஞ்சள், பிச்சி மஞ்சள், தராசுத் தட்டு மஞ்சள், என் வெள்ளை வேட்டியும் மஞ்சள். அவர் நீட்டிய பூவை வாங்காமல் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன பெரியவரே, பழைய பூவுன்னு நெனைக்கியளா? வெளிச்சத்துக்குக் கொண்டுபோயி பாரும்" என்றார் அவர்.

கொண்டுபோய்ப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூ வாங்க வந்த கிழவன் ஏன் நடுத்தெருவில் நின்று சிரிக்கிறான் என்று அவர் குழம்பியிருப்பார். மஞ்சள் அறை ஒன்றின் வாசலில் நான் எத்தனை காலம் நின்றேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்கு ஒரு சேதி. இந்த மடலை நானே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. நீங்கள் பார்த்ததெல்லாம் என் பெருவிரல் ரேகை மட்டும்தான். சம்பள நாளில் மை தொட்டு ரேகை வைத்துவிட்டு விரலைத் தலையில் தேய்ப்பேன். "அண்ணாச்சி, மை பட்ட இடத்துல மட்டும் முடி கறுப்பா இருக்கு" என்று கேலி செய்வீர்கள். இப்போது என் எழுத்து கோணலாக இருக்கிறது. மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் வருகிறது. ஒரு வரி முடித்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததே அங்கே இருக்கிறது. அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குப் பழகவில்லை.

பல்கலைக்கழகத்தில் எல்லோரும் உங்களை மேடம் என்றார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் ஒட்டவில்லை. முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைத் திருத்தப் பார்த்தார். "இருக்கட்டும். அண்ணாச்சி வாயில அதுதான் நல்லாருக்கு" என்றீர்கள். அண்ணாச்சி என்று நீங்கள் சொன்ன விதத்திலேயே ஊர் தெரிந்துவிட்டது. சங்கரன்கோவிலா என்று கேட்டேன். கோவிலுக்குத் தெற்கே, மூன்றாவது தெரு என்றீர்கள். அங்கேதான் நான் வேலை பார்த்த பவர்லூம் ஷெட்டும் இருந்தது. தறிச் சத்தத்தில் காது மந்தமாகிப் போனதால் அந்த வேலையை விட்டு, ஒரு காண்டிராக்டர் மூலமாகப் பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலைக்கு வந்திருந்தேன். வாரம் முழுக்க அங்கே தங்கல். சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு.

துப்புரவோடு நான் காவலும் நின்ற அறையின் வாசலில் ஒரு பலகை உண்டு. அதைத் தினமும் துடைப்பேன். நுண்கருவி ஆய்வகம் என்று அதில் எழுதியிருந்ததாம். துடைத்த காலமெல்லாம் எனக்கு அது பளபளப்பான நீலப் பலகை, அவ்வளவுதான். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் விளக்கு எரியும். அங்கே தகட்டின் மேல் பூசுகிற மருந்து வெள்ளை வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், அதனால்தான் மஞ்சள் என்று சொன்னீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் எதுவும் நிறமாக இராது. நீலம் கறுப்பாகத் தெரியும். வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகிவிடும்.

உள்ளே போகிறவர்களுக்குத் தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பும், தொப்பியும், முகமூடியும், கையுறையும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு தூசி உள்ளே போகக் கூடாது. அங்கே செய்கிற சாமானெல்லாம் தலைமுடியைவிட மெல்லியது, அதன் மேல் ஒரு தூசி விழுந்தால் நம் வீட்டுக் கூரையில் பாறை விழுந்த மாதிரி என்று எனக்குப் புரியும்படி சொன்னீர்கள். முகத்துக்குப் பவுடர் போட்டவர்களைக் கழுவிவிட்டு வரச் சொல்வேன். பூ வைத்து வருகிற பெண்பிள்ளைகள் பூவைக் கழற்ற வேண்டும். முன்பெல்லாம் அதைக் குப்பைக்கூடையில் போடச் சொல்வார்களாம். காலையில் அம்மா கட்டிக் கொடுத்த சரத்தைக் குப்பையில் போட எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? நீங்கள் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள். ஈரத்துணி விரித்து, பூவை அதில் வாங்கி வைத்து, பிள்ளைகள் வெளியே வந்ததும் திருப்பிக் கொடுக்கச் சொன்னீர்கள். அன்றிலிருந்து நான் பூவுக்கும் காவல். எந்தச் சரம் யாருடையது என்று கட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உள்ளே ஸ்பிரிட் வாடை, என் மேசையில் மல்லிகை வாடை. அந்த இரண்டும் கலந்த வாசனையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஒரு நாள் உங்களிடம் ஓடிவந்து, காற்று சுத்தம் பண்ணுகிற மிஷின் நின்றுவிட்டது என்றேன். நீங்கள் பதறவில்லை. "பாத்தியளா, நெனச்சியளா?" என்று கேட்டீர்கள். சத்தம் கேட்கவில்லை, அதனால் நின்றிருக்கும் என்றேன். என் கையைப் பிடித்து அந்தக் காற்றுக் குழாயின் மேல் வைத்தீர்கள். உள்ளங்கையில் அது நன்றாக அதிர்ந்தது. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நின்றுபோயிருந்தது என் காது. நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகு அந்தக் கேள்வியை நீங்கள் எல்லோரிடமும் கேட்பதைக் கவனித்தேன். பெரிய படிப்புப் படிக்கிறவர்களிடமும் அதே கேள்விதான், அதே குரல்தான்.

அந்த அறைக்குள் பிஎச்டி படிக்கிறவர்கள்தான் போகலாம் என்பது அங்கே வழக்கமாக இருந்தது. மூன்றாம் வருஷம் பிஇ படிக்கிற பிள்ளைகளை நீங்கள்தான் முதலில் உள்ளே விட்டீர்கள். அதற்கு எத்தனை பேச்சு. விலை உயர்ந்த மிஷின், விளையாட்டுப் பிள்ளைகள், உடைத்துவிட்டால் யார் பொறுப்பு என்றார்கள். நான் பொறுப்பு என்றீர்கள். கேள்வி கேட்கிற வயசில் உள்ளே விடாமல், பதில் மனப்பாடம் ஆன பிறகு விட்டு என்ன பயன் என்று நீங்கள் போனில் யாரிடமோ வாதாடியதை நான் உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டேன்.

வந்த பிள்ளைகளில் இரண்டு பேரை நான் மறக்கவே மாட்டேன். இசக்கியம்மாள் நம்மூர்ப் பிள்ளை, தறிக்காரர் மகள். சாமுவேலுக்கு ஊர் திருவேங்கடம், கரிசல்காட்டுக்காரன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாக்கு செய்தார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயரே அதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன நாக்கு. ஒரு பக்கம் தகட்டில் பிடித்திருக்கும், மறுபக்கம் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். காற்றில் ஈரம் கூடினால் அது வளையும். எவ்வளவு வளைந்தது என்பதைக் கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். தறி ஷெட்டில் காற்று காய்ந்துபோனால் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். அப்பாவுடைய ஷெட்டில் மாட்டி வைக்க இது ஆகும் என்றாள் இசக்கி. எங்கள் காட்டில் புதைத்தால் மண் எப்போது காய்கிறது என்று சொல்லும் என்றான் சாமுவேல். முதலில் ஷெட்டா காடா என்று வாசலிலேயே இருவருக்கும் சண்டை. "மொதல்ல ஒரு நாக்கு உருப்படியா நீட்டட்டும். பெறகு அத வச்சு என்ன பேசலாம்னு பாப்போம்" என்று சண்டையை முடித்து வைத்தீர்கள்.

சாமுவேல் முதல் வாரமே ஒரு வட்டத் தகட்டைக் கீழே போட்டுவிட்டான். கண்ணாடி மாதிரி நொறுங்கியது. வெளியே வந்து முகமூடியைக் கழற்றாமலே நின்றான், அழுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் திட்டவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாடம் படிக்கலாம், முழுத் தகட்டுக்கு ஒரு பாடம்தானே கிடைத்திருக்கும் என்றீர்கள். அந்தத் துண்டுகளில்தான் அவன் மருந்து பூசப் பழகினான்.

அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது உங்கள் அம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு சின்னத் துணிப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே கோவில் புற்றுமண். கையுறை மாட்டி மாட்டி மகளுக்குக் கையெல்லாம் தடித்து அரிக்கிறதாமே, தோலுக்கு நம் சாமி மண்ணை மிஞ்சி மருந்து உண்டா என்றார். நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்றார். நான் பத்திரமாகக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தேன். அம்மாவுக்காக வாங்கிக்கொண்டீர்கள். அதோடு நான் அதை மறந்துபோனேன். நீங்களும்தான்.

ஆவணி பிறந்ததும் தொந்தரவு ஆரம்பித்தது. தகடுகளில் புள்ளி விழுந்தது. புள்ளி விழுந்த இடத்தில் மருந்து பிய்ந்தது, நாக்கு ஒடிந்தது. இசக்கியுடைய தகடு மட்டுமில்லை, பிஎச்டி படிக்கிறவர்கள் உள்ளே வைத்திருந்த தகடுகளும் கெட்டன. துறைத் தலைவர் மோசமானவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டும். இளநிலைப் பிள்ளைகள் வருகிற நாளில்தான் தூசி விழுகிறது, மற்ற நாளில் இல்லை என்று அவர் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். அடுத்த கூட்டத்துக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் பிஇ பிள்ளைகள் இனி உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். இசக்கிக்கும் சாமுவேலுக்கும் நாக்கு போகும். அவர்களுக்குப் பின்னால் வரவிருந்த பிள்ளைகளுக்கு வாசலே போகும்.

நீங்கள் நினைத்திருந்தால் நீங்களே தேடியிருக்கலாம். தேடவில்லை. உங்கள் வேலை போகிறது, நீங்களே பாருங்கள் என்று பிள்ளைகளிடமே விட்டுவிட்டீர்கள். எனக்கு அப்போது அது கல்மனசாகத் தெரிந்தது.

பிள்ளைகள் முதலில் தங்களையே சந்தேகப்பட்டார்கள். இசக்கி தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். சாமுவேல் சட்டையைத் துவைத்துத் துவைத்துச் சாயம் போக்கினான். பிறகு ஒரு வேலை செய்தார்கள். ஒன்றும் பூசாத சுத்தமான தகடுகளை உள்ளே அங்கங்கே திறந்து வைத்தார்கள். வாசல் பக்கம் ஒன்று, மேசையில் ஒன்று, தகட்டைச் சுழற்றி மருந்து பரப்புகிற மிஷின் பக்கம் ஒன்று. விருந்தில் இலை போட்ட மாதிரி என்று சாமுவேல் சொல்வான். சாயங்காலம் எடுத்து, எந்த இலையில் தூசி பரிமாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வாசலில் இல்லை. மிஷின் பக்கம் மட்டும் இருந்தது. அதுவும் துறைத் தலைவர் சொன்னபடியே, இவர்கள் போகிற நாளில் மட்டும்.

இசக்கி ஒரு நாள் வெளியே வந்து பூவை வாங்கிக்கொண்டாள். தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, நாம உள்ள போற அன்னைக்கு இன்னும் ஒருத்தர் வாராவல்லா" என்றாள் சாமுவேலிடம்.

"வாய மூடுட்டி."

"நம்மளத் தவிர அந்த மிஷின் பக்கத்துல நிக்கது யாரு, சொல்லு பாப்போம்."

"சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. நமக்காவ ஊரு பூரா சண்ட போட்டவ அவ்வொ."

நான் பூத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காது மந்தம் என்று நினைத்து என் முன்னாலேயே பேசினார்கள். மிஷின் இரைச்சல்தான் எனக்குக் கேட்காது, கிட்டத்தில் பேசினால் கேட்கும். பிறகு நீங்கள் லீவில் இருந்த ஒரு நாளில், மூத்த மாணவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். அன்று எல்லா இலையும் சுத்தம். வெளியே வந்தபோது சந்தோஷப்படவில்லை. சாவு வீட்டிலிருந்து வருகிற மாதிரி வந்தார்கள்.

மறுநாள் காலை நீங்கள் வந்தபோது இருவரும் என் மேசைப் பக்கம் நின்றார்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டீர்கள். சாமுவேல் தரையைப் பார்த்தான். இசக்கிதான் பேசினாள்.

"ஒண்ணும் கண்டுபிடிக்கல மேடம். ஒரு நா நீங்க மட்டும் உள்ள போகணும். நாங்க வெளிய நிக்கோம்."

உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன் டீச்சர். பிள்ளைகளுடைய படிப்பு அன்றோடு முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

"தூசி நான்தான்னு நெனைக்கியாட்டி?" என்று கேட்டீர்கள்.

"நெனைக்கல மேடம். பாக்கணும்" என்றாள் அவள்.

நீங்கள் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, எனக்கு ஒரு உடுப்பு எடுங்க" என்றீர்கள்.

கண்ணாடி வழியாக நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சும்மா நின்றுவிட்டு வந்திருக்கலாம் நீங்கள். அப்படிச் செய்யவில்லை. பிள்ளைகள் இருக்கிற நாளில் என்னென்ன செய்வீர்களோ அத்தனையும் செய்தீர்கள். மிஷின் பக்கம் போய்க் குனிந்தீர்கள். காலி நாற்காலியைப் பார்த்து விளக்கம் சொன்னீர்கள். இல்லாத பிள்ளைக்குக் கையைக் காட்டி, இப்படிப் பிடி என்றீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளை உடுப்பில் தன்னந்தனியாக, யாரும் இல்லாத வகுப்புக்குப் பாடம் எடுத்தீர்கள். தன் மேல் குற்றம் வரட்டும் என்று ஒருவர் இவ்வளவு நேர்மையாக உழைத்து நான் கண்டதில்லை. சாமுவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

தகட்டில் புள்ளி இருந்தது. உள்ளே இருந்த மைக்ராஸ்கோப்பில் வழக்கம்போல் எல்லாம் கறுப்புத் தூசியாகத்தான் தெரிந்ததாம். இசக்கிதான், வெளியே வெள்ளை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம் என்றாள். வெளி அறை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். அவள் பார்த்தாள். நகர்ந்து உங்களுக்கு இடம் விட்டாள். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். அது பழுப்பு. மண்.

உங்கள் கை தானாகவே கழுத்துக்குப் போனது. நூலைப் பிடித்து இழுத்தீர்கள். உடுப்புக்குள்ளிருந்து உங்கள் அம்மாவின் துணிப் பொட்டலம் வெளியே வந்தது. துணி நைந்து இழை விட்டிருந்தது. குனிந்து குனிந்து பாடம் சொன்னபோதெல்லாம் கழுத்து இடுக்கு வழியாகப் பொடி பொடியாக உதிர்ந்திருக்கிறது நம் ஊர் மண்.

"அண்ணாச்சி, இத யாரு கொண்டாந்தா?" என்றீர்கள்.

"நாந்தான் டீச்சர்."

"கோவில்லேர்ந்து எடுத்தது எங்கம்மா, கழுத்துல போட்டது நான், கண்டுபிடிச்சது இவ. எல்லாம் ஒரே ஊரு. சாமுவேலு ஒருத்தந்தான் தப்பிச்சான்."

அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. சாமுவேல் சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த உடுப்புக் கட்டு சரிந்தது. நீங்கள் பொட்டலத்தைக் குப்பையில் போடவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு என் தாம்பாளத்தில் பூவோடு வைத்தீர்கள். சாமி இனி வெளியில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றீர்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது என்றீர்கள். கை அரிப்பு மண்ணால் குறைந்ததா, நீங்கள் வேறு கையுறை மாற்றியதால் குறைந்ததா, அதையும் பார்க்கலாமா என்று இசக்கி கேட்டாள். அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "அத எங்கம்மாட்ட போயி கேளு, தைரியம் இருந்தா" என்றீர்கள்.

கூட்டத்துக்கு டீ கொண்டுபோனது நான்தான். அதனால் அங்கே நடந்ததும் எனக்குத் தெரியும். துறைத் தலைவர் உங்கள் மேல் மரியாதை உள்ளவர். காற்று வடிகட்டியில் ஒரு கோளாறு, சரிசெய்தாயிற்று என்று எழுதிவிடலாம், உங்கள் பெயர் எதற்கு என்றார். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் டம்ளரை வைக்க மறந்து நின்றேன்.

"வேண்டாம் சார். பிள்ளைங்க பாத்தத, நாம நெனச்சதா மாத்தி எழுதக் கூடாது" என்றீர்கள்.

சொன்னதோடு நிற்கவில்லை. இசக்கியையும் சாமுவேலையும் உள்ளே கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்ல வைத்தீர்கள். தன் டீச்சர்தான் தூசி என்று அத்தனை பெரியவர்கள் முன்னால் அந்தப் பிள்ளை தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். நீங்கள் அவளுக்குப் பக்கத்தில் நின்று, விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தீர்கள். இலை போட்டதைச் சொல்லு, லீவு நாளைச் சொல்லு என்றீர்கள். உங்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால், உங்களுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். துறைத் தலைவர் எல்லாம் கேட்டுவிட்டு, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான். வாசல் திறந்தே இருந்தது. மறு வருஷம் என் தாம்பாளத்தில் பூ வைக்க இடம் போதவில்லை.

நாக்கு நீட்டிய நாளை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது. அவர்கள் அதை ஒரு சின்னப் பலகையில் பொருத்தி, கம்பி கட்டி, என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் கோடு படுத்துக் கிடந்தது. இசக்கி பலகையை மெல்ல என் பூத்தட்டின் மேல் பிடித்தாள். ஈரத்துணியும் நனைந்த மல்லிகையும். கோடு எழுந்தது. எடுத்தாள், இறங்கியது. மறுபடியும் பிடித்தாள், எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சாமான் என் பூவின் ஈரத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டது. நீங்கள் என் கையைப் பிடித்து நீங்களும் பிடித்துப் பாருங்கள் என்றீர்கள். அன்று காற்றுக் குழாயின் மேல் வைத்த அதே கை. சாமுவேல், முதலில் ஷெட்டா காடா என்று மறுபடி ஆரம்பித்தான். பூக்கடை என்றீர்கள் நீங்கள்.

பிறகு எனக்கு வயதாகிவிட்டது என்று வேலையிலிருந்து நின்று ஊருக்கு வந்தேன். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு சுவரில் உங்கள் படம் பார்த்தேன். பெரிய போஸ்டர். சிரித்த முகம். நம்மூரில் என்ன நடந்தாலும் போஸ்டர்தானே. உங்களுக்கு ஏதோ பெரிய விருது கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அதன் முன்னால் நின்று எவ்வளவு நேரம் சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, எங்க டீச்சர் பாரும், என்னமோ பட்டம் கொடுத்திருக்காவ என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். படித்தார்.

"பெரியவரே, இது கண்ணீர் அஞ்சலிங்க" என்றார்.

அந்தச் சுவரின் முன்னால் உங்கள் குரல்தான் எனக்குக் கேட்டது. பார்த்தீர்களா, நினைத்தீர்களா? பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் பார்க்கவில்லை. எனக்குப் படம் மட்டும்தான் தெரிந்தது. உங்கள் வாசல் பலகையைத் துடைத்த மாதிரியே அந்த எழுத்தையும் கடந்துவிட்டேன்.

அடுத்த வாரமே முதியோர் எழுத்தறிவு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெஞ்சு, கால் மடங்கவில்லை. வகுப்பெடுக்கிற பெண் பொறுமைசாலி. முதலில் நான் படத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்லிவிடுவேன். மாடு படம் இருந்தால் மாடு. அவளுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு எழுத்து, அடுத்து ஒரு எழுத்து. ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறீர்கள் தாத்தா என்று கேட்டாள். எங்கள் டீச்சர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்றேன்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன். பூ மார்க்கெட்டிலிருந்து திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தேன். அதே சுவர். புதுப் போஸ்டர். இசக்கியம்மாள் படம்.

பூப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். டீக்கடைக்காரரைக் கூப்பிடலாமா என்று வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. ஒரு கையை நீட்டி அந்தப் பிள்ளையின் முகத்தை மறைத்துக்கொண்டேன். எழுத்தை மட்டும் பார்த்தேன். முதல் எழுத்து. அடுத்த எழுத்து. வெயில் தலையில் அடித்தது, போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள், நான் நகரவில்லை. முதல் சொல் முடிந்தது. வாழ்த்துகிறோம் என்று இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். வாழ்த்துகிறோம் என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் மெதுவாகப் படித்தேன். நுண்கருவி ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற எங்கள் தெருவின் மகள் என்று எழுதியிருந்தது.

முகத்திலிருந்து கையை எடுத்தேன். உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஒட்டின பசை இன்னும் காயவில்லை.

இந்தப் பூவில் ஒரு முழம் உங்கள் அம்மாவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் போய்க் கொடுத்துவிட்டு, இசக்கி சேதியையும் சொல்ல வேண்டும். புற்றுமண் சேதியை இன்றும் சொல்ல மாட்டேன். இசக்கி பட்டம் வாங்கியதை அவர் நம்பாமல், நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. பார்த்தேன். நானே படித்துப் பார்த்தேன்.